மூன்று மடக்கு

பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் பதித்து மெல்லச் சரித்தாள் சுமலதா. மறு கையில் புடவைத் தலைப்பைத் தயாராகச் சுருட்டி வைத்திருந்தாள். எப்படியும் வெளியேதான் வழியப் போகிறது.

கவிநிலா முகத்தைச் சுளித்தாள். நாக்கை நீட்டித் துழாவினாள். பிறகு அந்தச் சின்னத் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.

சுமலதா அசையவில்லை. நாலு நாளில் டப்பாப் பால் உள்ளே இறங்கிய முதல் மடக்கு இதுதான்.

நாலு நாளாக அவள் பார்க்காத வித்தை இல்லை. இரண்டு தினுசு பாட்டில், மூன்று தினுசு ரப்பர். மடியில் படுக்கவைத்து, தோளில் சாய்த்து, தூக்கத்தில் ஏமாற்றி. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். உதட்டை இறுக்கி, தலையைத் திருப்பி, வீடே அதிர ஓர் அழுகை. நேற்று மாலை பரணில் தேடியபோது கிடைத்தது இந்தப் பாலாடை. கணவன் கலைவாணன் குழந்தையாக இருந்தபோது அவன் அம்மா வாங்கியதாம். நெளிந்த பித்தளை, அகலமான மூக்கு. புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்திருந்தாள்.

"இன்னொரு வாயிடி செல்லம். ஒரே ஒரு வாயி."

இரண்டாவது மடக்கும் இறங்கியது. மூன்றாவதுக்காகப் பாலாடையைச் சரிக்கப் போன நேரத்தில்தான் முன்னறையிலிருந்து கலைவாணனின் குரல் வந்தது.

"சுமா, அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. பால் எடுத்துட்டு வா. சீக்கிரம்."

மணி ஆறாக இன்னும் கால் மணி இருந்தது. ஆறரைக்கு முன்னால் பாக்கெட் பால் வராது. பிரிட்ஜில் நேற்றைய பால் தயிராகி உட்கார்ந்திருந்தது. வீட்டில் பால் என்று இருந்தது அவள் கையில் இருந்ததுதான்.

குழந்தையைப் பாயில் கிடத்தினாள். கிடத்தின உடனே அழுகை. திரும்பிப் பார்த்தால் போக மாட்டோம் என்று தெரிந்து, திரும்பாமல் எழுந்து போனாள்.

கலியபெருமாள் கட்டிலில் வாயைத் திறந்தபடி கிடந்தார். மூச்சு மேலே போனால் கீழே வர நேரமானது. கலைவாணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். "ஹலோ, அத்த? கேக்குதா? அப்பாவுக்கு ரொம்ப முடியல, கெளம்பி வா" என்று அவன் தெருவில் நின்று பேசுவது கேட்டது.

சுமலதா மாமனாரின் தலையை இடக்கையில் தாங்கினாள். கட்டை விரல் தன்னால் அவர் தொண்டைக் குழியில் படிந்தது. குழந்தைக்கு அப்படிப் பார்த்துப் பார்த்தே நாலு நாளில் வந்த பழக்கம்.

பாலாடையைச் சரித்தாள்.

விரலுக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கியது. மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காத தொண்டை. இன்னொரு தரம் ஊற்றினாள். இறங்கியது. மூன்றாவது தரம் இறங்கும்போது அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. அந்தச் சுளிப்பை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை. குழந்தை பாட்டிலைத் தட்டிவிட்டு அலறுவதைக் கட்டிலில் இருந்தபடி பார்த்தவர், "எங்க, அத இப்புடிக் குடு, அப்புடி என்னாதான் இருக்குது அதுல" என்று கையை நீட்டினார். கரண்டியில் கொஞ்சம் கொடுத்தாள். நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஒரு சுளிப்புச் சுளித்தார். "மில்லு கேண்டீன்ல டம்ளர் கழுவுன தண்ணி இத்தவிட நல்லா இருக்கும். எம் பேத்தி துப்புறதுல தப்பே இல்லம்மா" என்றார். முப்பது வருஷம் மில்லில் நூல் ஓட்டியவர் அவர். மறுநாளிலிருந்து அவருக்கே எதுவும் இறங்கவில்லை.

அந்தப் புருவச் சுருக்கம் மெல்லப் பிரிந்தது. மூச்சு மேலே போனது. சுமலதா அது திரும்பி வரக் காத்திருந்தாள். வரவில்லை.

கடைவாயில் ஒரு துளி மட்டும் நின்றது. குழந்தைக்காகச் சுருட்டிய தலைப்பால் அதைத் துடைத்தாள்.

கலைவாணன் உள்ளே வந்தான். அப்பாவைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்.

"பால் ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். சுமலதாவுக்கு அழுகை வரவில்லை. வந்தது ஒரு பெருமூச்சு. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போன மாதிரி. இனிமேல் ஊசி இல்லை, குழாய் இல்லை, இரவெல்லாம் அந்த முனகல் இல்லை. பாவம், மனுஷனுக்கு விட்டது. அப்படி நினைத்ததற்காக உடனே பயந்தும் போனாள்.

பின்னறையில் கவிநிலா அழுதுகொண்டே இருந்தாள்.

* * *

முதலியார்பேட்டையில் அந்தத் தெரு அகலம் குறைவு. எட்டு மணிக்குள் சாமியானா ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து மறு பக்கத்துச் சுவர் வரை தொட்டுக்கொண்டு நின்றது. அன்றைக்கே எடுப்பது என்று முடிவானதால் ஐஸ் பெட்டி வேண்டாம் என்றாகிவிட்டது. கலியபெருமாளை பெஞ்சில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். வந்த பாக்கெட் பாலைச் சொம்பில் ஊற்றி வைத்தார்கள். பக்கத்தில் அந்தப் பாலாடை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு சொட்டு எடுத்து அவர் உதட்டில் விட்டார்கள். எல்லாம் வழிந்தது.

சுமலதா சுவரோரம் பெண்களோடு உட்கார்ந்து பாலாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணக்கு எல்லாமே தப்பிப் போயிருந்தது. உள்ளூர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மாத்திரை பாக்கிங் கம்பெனியில் வேலை. பிரசவ லீவு ஒன்றாம் தேதி முடிகிறது. அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வேளை டப்பாப் பால், ஒரு வேளை தாய்ப்பால் என்று பழக்கிவிடலாம் என்றிருந்தாள். நடுவில் மாமனாருக்கு ஆஸ்பத்திரி வந்தது. கலைவாணனுக்குத் தட்டாஞ்சாவடி லேத் பட்டறையில் ரெண்டு நாளுக்கு மேல் லீவு கிடையாது. வீட்டில் மாமியார் இல்லை, போய்ப் பத்து வருஷமாகிறது. இருபத்துநாலு நாள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இவள்தான் இருந்தாள். முதல் வாரம் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டு ஞானமேரியிடம் விட்டுவந்த குழந்தை அங்கே அழும் நேரமெல்லாம் இங்கே நனைந்தது. அடுத்த வாரம் நனைவது குறைந்தது. மூன்றாவது வாரம் துணி காய்ந்தே இருந்தது. ஞானமேரி விரலால் தொட்டு வைத்த கஞ்சியிலும், நெஞ்சில் எப்போதாவது ஊறிய கொஞ்சத்திலும்தான் குழந்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இதை அவள் கலைவாணனிடமும் ஞானமேரியிடமும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மாமனாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு நாள், "என்னால ஒம் புள்ளைக்குக் கஷ்டம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

போன சனிக்கிழமை டாக்டரம்மா குழந்தையைத் தராசில் போட்டார். போன மாதம் இருந்த எடையேதான். "டப்பாப் பாலு பழக்குங்க. வர்ற சனிக்கிழமை தூக்கிட்டு வாங்க. ஏறலன்னா அட்மிட் பண்ணித்தான் பாக்கணும்" என்றார். அட்மிட் என்ற வார்த்தை சுமலதாவின் காதில் இன்னும் நின்றது. ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் வெளியே வந்திருந்தாள்.

இன்று வியாழக்கிழமை.

ஒன்பது மணிக்குப் பாகூரிலிருந்து அமுதவல்லி வந்து இறங்கினாள். கலியபெருமாளின் ஒரே தங்கை. கலைவாணனுக்கு அத்தை, சுமலதாவுக்குச் சின்னம்மா. அறுபத்தைந்து வயதிலும் வயலில் நின்று ஆட்களை வேலை வாங்கும் குரல். அண்ணன் நெஞ்சில் விழுந்து ஒரு மூச்சு அழுது முடித்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து, இந்த வீட்டை யார் கையில் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவள்போல எழுந்தாள்.

"அடுப்பு பத்த வெச்சீங்களா?"

"இல்லத்த."

"வெக்கக் கூடாது. கொள்ளி வெச்சிட்டு வந்து தல முழுவுற வரைக்கும் சும்மா கெடக்கணும். பச்சப் புள்ளய ஏன் இங்க வெச்சிருக்கீங்க? சாவு வூட்ல புள்ளய வெக்கலாமா? எங்கியாவது குடுத்துடுங்க."

ஞானமேரி முன்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தவர். அவர் போய் முப்பது வருஷமானாலும் தெருவுக்கு அது சொல்தா வீடுதான். அழுகிற குழந்தை, பால் டப்பா, பாட்டில் எல்லாம் தெருவைக் கடந்து சொல்தா வீட்டுக்குப் போயின.

"கடைசிப் பால் யாரு ஊத்துனது?" என்றாள் அமுதவல்லி.

"சுமாதான் ஊத்துச்சி" என்றான் கலைவாணன்.

அமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். "பசும்பால்தான?"

சுமலதா வாயைத் திறப்பதற்குள் கலைவாணன், "பாலுதான் அத்த" என்றான். அவனுக்குத் தெரியாது. அவன் தெருவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். சொல்லக் கிடைத்த அந்த நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று சுமலதாவுக்குத் தெரியவில்லை. சாகிற மனுஷனுக்கு டப்பாப் பாலை ஊற்றி அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது?

"இதுலதான ஊத்துன?" அமுதவல்லி பாலாடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்க அண்ணி வாங்குனது. இது சுடுகாடு போவணும். கடைசியா வாய் வெச்ச ஏனம் அவங்கூடவே போயிடணும். வூட்ல வெச்சிக்கிட்டா போனவனுக்குத் தாகம் அடங்காது. எங்கப்பாவுக்கும் அப்புடித்தான் செஞ்சோம்."

பாலாடையை விளக்கடியில் வைத்தாள். சுடுகாட்டுக்குப் போகும் பானை, தேங்காய், அரிசி மூட்டையோடு சேர்த்து.

* * *

பன்னிரண்டு மணிக்கு ஞானமேரி எல்லாருக்கும் ஒரு தூக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைச் சுமலதாவிடம் நீட்டும்போது குனிந்து காதருகில் சொன்னாள்.

"பாட்டிலத் தட்டி விடுறா சுமா. ஸ்பூன்ல குடுத்தேன், எம் மேலயே துப்புனா. மெடிக்கல்ல பிளாஸ்டிக் பாலாட விக்குறான், அதையும் வாங்கியாந்து பாத்துட்டேன். கடிக்கிறாளே ஒழியக் குடிக்கல."

"காலைல குடிச்சா மேரிம்மா. ரெண்டு மடக்கு."

"எதுல?"

சுமலதாவின் பார்வை போன பக்கம் ஞானமேரி பார்த்தாள். விளக்கடியில், வழிந்த பாலில் ஈ மொய்க்க, அது இருந்தது. ஞானமேரி நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு விரலைக் கொண்டுபோய்ச் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அட கர்த்தரே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்குழலிக்குக் காது கூர்மை. கலைவாணனுக்குப் பெரியப்பா மகள். "புள்ள அழுவுதா? போயி ஒரு வாயி குடுத்துட்டு வந்துடேன். தாய்ப்பாலுக்கு ஏது தீட்டு?" என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இந்தக் காலத்துப் பொண்ணுங்க இருக்குதே, புள்ளைக்குப் பால் குடுக்குறதுக்கே வெக்கப்படுதுங்க" என்றாள்.

சுமலதா எழுந்து போனாள். சொல்தா வீட்டு உள்ளறையில் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கவிநிலா ஆவலாகப் பற்றினாள், இழுத்தாள், மறுபடி இழுத்தாள். பிறகு விட்டுவிட்டு அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். ஏமாற்றப்பட்டவள் பார்க்கிற பார்வை. அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

பத்து நிமிஷம் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வயிறு ரொம்பிச்சா?" என்றாள் கார்குழலி.

"ம்."

ஒரு மணி. இரண்டு மணி. மேளக்காரர்கள் வந்தார்கள். பூப்பல்லக்கு தெருமுனையில் நுழைய முடியாமல் நின்றது, நாலு பேர் போய் ஒரு பைக்கைத் தூக்கி நகர்த்தினார்கள். கலியபெருமாளைக் குளிப்பாட்டிப் புது வேட்டி உடுத்தினார்கள். தெருவின் மறுபக்கமிருந்து வந்த அழுகைச் சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை. தூங்கிவிட்டாளா, அழக்கூடத் தெம்பில்லையா? அதைத்தான் சுமலதா யோசித்துக்கொண்டிருந்தாள். கோடி போடுகிறவர்கள் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவளும் தலையை ஆட்டினாள். கண் மட்டும் காய்ந்தே இருந்தது. அதையும் சிலர் கவனித்தார்கள்.

* * *

"பேரப் புள்ளைங்க யாரு? நெய்ப்பந்தம் புடிக்கணும்" என்றார் காரியம் செய்ய வந்தவர்.

இருந்தது ஒரே ஒரு பேத்தி. ஞானமேரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோளில் ஒரு பை தொங்கியது. கலைவாணன் ஈர வேட்டியோடு குழந்தையை வாங்கி, அவள் விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்து, எரியும் பந்தத்தைத் தாத்தாவின் தலைமாட்டில் ஒரு சுற்றுக் காட்டினான். கவிநிலா நெருப்பைப் பார்த்து வாயைத் திறந்தாள். அழுகைக்கான முகம் வந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிப் போயிருந்தது.

சுமலதா எழுந்தாள். கணவன் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். மறு கையால் விளக்கடியில் இருந்த பாலாடையை எடுத்தாள். ஞானமேரியின் தோளிலிருந்து பையை உருவிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள்.

பையில் பால் டப்பா இருந்தது. பிளாஸ்க்கில் வெந்நீர் இருந்தது. சொல்லாமலே வைத்திருக்கிறாள் ஞானமேரி.

"அத எங்க எடுத்துட்டுப் போற?"

வாசற்படியில் அமுதவல்லி நின்றாள்.

"கீழ வெய்யி. சாமானெல்லாம் எண்ணி வெச்சிட்டேன்."

சுமலதா வைக்கவில்லை. "பாப்பா இதுல மட்டுந்தான் குடிக்கிறா சின்னம்மா. நாலு நாளா வயித்துல சரியா ஒண்ணும் போவல. சனிக்கெழம எட போட்டுப் பாத்து, ஏறலன்னா ஆஸ்பத்திரியில சேக்கணும்னு சொல்லிட்டாங்க."

"ஏன், உனக்குப் பால் இல்ல?"

"இல்ல."

ஒரு மாதமாக வெளியே யாரிடமும் சொல்லாத சொல் அவ்வளவு சுலபமாக வெளியே வந்தது. வந்ததும் பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது.

"காலைல மாமாவுக்கு ஊத்துனது பசும்பால் இல்ல சின்னம்மா. பாக்கெட் வரல. பாப்பாவுக்குக் கலக்குன டப்பாப் பாலு. கையில அதான் இருந்துச்சி. அதத்தான் ஊத்துனேன்."

வெளியே மேளம் வேகம் பிடித்தது. அமுதவல்லி மேடைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தாள், பாலாடையைப் பார்த்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சுமலதா குழந்தையை இறுக்கிக்கொண்டு, வருவது வரட்டும் என்று நின்றாள்.

"முழுங்குனானா?"

சுமலதாவுக்குப் புரியவில்லை.

"எங்கண்ணன். ஊத்துனத முழுங்குனானா, கடவாயில வழிஞ்சிடிச்சா?"

"முழுங்குனாரு. மூணு மடக்கு."

"நெசமா சொல்லு."

"தொண்டையில வெரல் வெச்சிருந்தேன் சின்னம்மா. மூணு தடவ எறங்குச்சி. கடைசில ஒரே ஒரு துளிதான் வெளிய நின்னுச்சி."

அமுதவல்லி அரிசி டின்மேல் மெதுவாக உட்கார்ந்தாள். முட்டியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். காலையிலிருந்து அதட்டிக்கொண்டிருந்த குரல் எங்கோ போயிருந்தது.

"மூணு நாளா ஒரு வாயி தண்ணி எறங்கலன்னு கலை போன்ல சொன்னான். பட்டினியாப் போறானே, வெறும் வயித்தோட போறானேன்னு பஸ்ஸுல அதான் நெனச்சிக்கிட்டே வந்தேன். யாருகிட்ட கேக்குறது? கேட்டா இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு கேக்கல. சோறுன்னா உசுரு அவனுக்கு. சின்னதுல ஒரு முட்டாயி கெடச்சாக்கூட, சட்டையில வெச்சி காக்காக் கடி கடிச்சி, பெரிய துண்ட அவன் வாயில போட்டுக்கிட்டு சின்னத எங்கிட்டக் குடுப்பான்."

சுமலதா பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் நீர் ஊற்றி ஆற்றினாள். மூன்று கரண்டிப் பொடி, தலை தட்டிப் போட்டுக் கலக்கினாள்.

"இதானா?" அமுதவல்லி கையை நீட்டினாள். "எங்க, காட்டு. கடைசியா எத்தக் குடிச்சிட்டுப் போனான்னு நானும் பாக்குறேன்."

உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டாள் சுமலதா. அமுதவல்லி நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஒரு சுளிப்புச் சுளித்தாள்.

அதே புருவம். அதே மூக்கு. திங்கட்கிழமை கட்டிலில் இருந்த அதே முகம்.

"மாமாவும் இப்புடித்தான் சுளிச்சாரு."

"என்னா சொன்னான்?"

"மில்லு கேண்டீன்ல டம்ளர் கழுவுன தண்ணி இத்தவிட நல்லா இருக்கும்னாரு."

அமுதவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சுமலதாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

கதவு தட்டப்பட்டது. "மணி மூணாவப் போவுது. தூக்கலாமா?" வெளியே அரிகிருஷ்ணன், ஊரிலிருந்து வந்த பங்காளி.

அமுதவல்லி தலைப்பை எடுத்தாள். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "இன்னும் ராகு காலம் முடியல."

"மூணு மணியோட முடியுது அத்த."

"எங்கூர்ப் பஞ்சாங்கத்துல மூணேகால். போயி நில்லு. நான் வராம எவனும் பாடையில கை வெக்கக் கூடாது."

காலடி விலகிப் போனது. அமுதவல்லி சுமலதாவின் கையிலிருந்து பாலாடையை வாங்கித் தொட்டித் தண்ணீரில் கழுவினாள். பிறகு வெந்நீர் விட்டுக் கழுவினாள். மறுபடியும் வெந்நீர்.

"சின்னம்மா, சுடுகாட்டுக்கு..."

"இதுக்குப் பதிலா ஒரு டம்ளர் போவும். தாகம் தீந்து போனவனுக்கு ஏனம் எதுக்கு?" தலைப்பின் காய்ந்த பக்கத்தால் துடைத்து நீட்டினாள். "எங்கண்ணன் எச்சில்தான. நானே அதத் தின்னு வளந்தவதான். ஊத்து."

சுமலதா தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் சாய்த்தாள். கவிநிலாவின் கால்கள் உதைத்தன. அமுதவல்லி எதிரில் குந்தி உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தன் சொரசொரத்த உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

பாலாடையின் அகலமான மூக்கு கீழுதட்டைத் தொட்டது. முகம் சுளித்தது. நாக்கு வெளியே வந்து துழாவியது.

மடக்.

சுமலதா எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. குழந்தை கையைத் தூக்கிப் பாலாடையின் விளிம்பைத் தானே பற்றிக்கொண்டது. ஏழு, எட்டு. பதினொன்றுக்குப் பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. வெளியே மேளக்காரர்கள் எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நிறுத்தி நிறுத்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாலாடை காலியானதும் மறுபடி நிரப்பினாள். அதுவும் இறங்கியது. குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். ஒரு பெரிய ஏப்பம் வந்தது.

"ஏப்பத்துலயும் அப்புடியே எங்கண்ணன்தான்" என்றாள் அமுதவல்லி. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வா. உங்க மாமன அனுப்பி வெப்போம்."

பாடையைத் தூக்கியபோது சுமலதா அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து, நிறுத்த முடியாமல் வந்தது. ஞானமேரி குழந்தையை வாங்கிக்கொள்ள, அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அடக்கி வெச்சிருந்திருக்கு, பாவம்" என்றாள் கார்குழலி. "பெத்த பொண்ணுகூட இப்புடி அழுவாது."

* * *

ஆறு மணிக்கு ஆண்கள் திரும்பி வந்தார்கள். வீடு கழுவி விட்டிருந்தது. நடுவீட்டில் ஒரு விளக்கு. சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் யாரிடமும் பேச வேண்டும்.

கலைவாணன் வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். தலை மொட்டை, மீசையும் இல்லை. பதினைந்து வயதுப் பையன்போல இருந்தான். முன்னறையில் சுமலதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கவிநிலா தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

அவன் நின்றான். விளக்கை இன்னும் பார்க்கவில்லை, பேசக் கூடாது. குழந்தையைக் காட்டிப் புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

சுமலதா பக்கத்தில் இருந்த பாலாடையை எடுத்து, அவன் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

அவன் தலையை ஆட்டிவிட்டு விளக்கைப் பார்க்க உள்ளே போனான்.